உஷார்! 45,000 ரூபாய்க்கு ரிக்கன்பேக்கர் வராது

ரிக்கன்பேக்கர் 4003 பேஸ் கிட்டார், அப்படியே புதுசு மாதிரி இருக்கும், விலை 45,000 ரூபாய், இன்றைக்கே 10,000 டோக்கன் போட்டால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன். இப்படி ஒரு செய்தி உங்கள் செல்போனுக்கு வந்திருந்தால் பணத்தை அனுப்பாதீர்கள். டோக்கன் போட்டுவிட்டீர்கள் என்றால் மீதியை அனுப்பாதீர்கள். ராத்திரிக்குள் போடாவிட்டால் மதுரைப் பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவன் அவசரப்படுத்தினால், தாராளமாகக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். பேஸ் வாசிக்கிற தம்பி, தங்கைகளுக்கும், பிள்ளை ஆசைப்படுகிறதே என்று நகையை அடகு வைக்கத் துணிகிற பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

பங்குனியில் அம்மன் கோயில்களில் பொங்கல் சாட்டத் தொடங்கினால் எங்கள் பக்கம் இன்னிசைக் கச்சேரிகளுக்குக் குறைவில்லை. சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று ஊருக்கு ஊர் மேடை போடுவார்கள். கல்யாண மண்டபம், சர்ச் பாடகர் குழு, கல்லூரி விழா என்று மற்ற மாதங்களிலும் வேலை இருக்கும். பிள்ளைகள் நல்ல வாத்தியம் தேடி அலைவது சீசனுக்குக் கொஞ்சம் முன்னால்தான். அப்போது கையில் கொஞ்சம் பணமும் மனசு நிறைய அவசரமும் இருக்கும். ஏமாற்றுகிறவன் எதிர்பார்ப்பதும் அந்த நேரத்தைத்தான்.

எங்கள் தெருவில் கைத்தறி நெய்கிற குடும்பத்துப் பையன் ஒருவன். பேஸ் அருமையாக வாசிப்பான். இதுவரை குழுக்காரர் கொடுத்த பழைய கிட்டாரை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் மூச்சு வாங்க ஓடிவந்து செல்போனை நீட்டினான்.

“மாமா, ரிக்கன்பேக்கர் மாமா. ஒரிஜினல். பெங்களூர்க்காரர் ஒருத்தர் வெளிநாடு போறாராம், அதான் குறைச்சுக் குடுக்கிறாரு. அம்மா நாளைக்குக் காலைல செயினை வச்சுத் தர்றேன்னு சொல்லிட்டாங்க.”

“பின்பக்கம் போட்டோ கேட்டியாப்பா?”

“எதுக்கு மாமா? முன்னாடி பேரே போட்டிருக்கே.”

கேட்கச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்து வந்தது. உடம்பும் நெக்கும் சேருகிற இடத்தில் சதுரமாக ஒரு இரும்புத் தகடு, அதன் நாலு மூலையிலும் நாலு திருகாணி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு திக்கென்றது. அது ரிக்கன்பேக்கரே இல்லை.

4003 மாடலில் நெக்கைத் தனியாகச் செய்து உடம்போடு திருகி மாட்டுவதில்லை. தலையிலிருந்து வால் வரை நெக் ஒரே நீளமாக உடம்புக்குள் ஓடும், அதற்கு இரண்டு பக்கமும் மரத்தை ஒட்டியிருப்பார்கள். பின்பக்கம் தடவிப் பார்த்தால் தகடும் இருக்காது, திருகாணியும் இருக்காது. நாலு திருகாணி தெரிந்தால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டியதில்லை. பையன் இதைக் கேட்டதும், அது இந்தியாவுக்காகச் செய்த எக்ஸ்போர்ட் மாடல் தம்பி என்று அந்த ஆள் பதில் போட்டான். அதுவும் பொய். ரிக்கன்பேக்கர் கம்பெனிக்கு இந்திய மாடல், சீன மாடல், ஏழை மாடல் என்று எதுவும் கிடையாது. கலிபோர்னியாவில் சாண்டா அனா என்ற ஊரில் இருக்கிற ஒரே தொழிற்சாலையில்தான் எல்லாம் தயாராகிறது. இதைச் சொன்ன பிறகு அவன் பையனுடைய நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

அன்றைக்குச் செயின் தப்பியது. ஆனால் அந்த ஆள் இந்நேரம் வேறு ஊரில் வேறு ஒரு அம்மாவின் செயினுக்குக் குறி வைத்திருப்பான். அந்தப் பயத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

பேஸ் கிட்டாரில் இந்த மோசடி இவ்வளவு சுலபமாக எடுபடுவதற்குக் காரணம் உண்டு. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. ரிக்கன்பேக்கர் 1957இல் 4000 மாடலையும், 1961இல் 4001 மாடலையும், 1979இல் 4003 மாடலையும் இறக்கியது. பால் மெக்கார்ட்னி, யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர், ரஷ் குழுவின் கெடி லீ, மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி, மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன் என்று ரிக்கன்பேக்கரை வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் பெரிய ஆள். எங்கள் பிள்ளைகளுக்கு அதற்கும் முன்னாலேயே ஆசை விழுந்துவிடுகிறது. மேகமலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தனியாக நடந்து, நின்று, திரும்பி, இன்னொரு பாடகர் போலக் கூடவே வரும். அவருடைய குழுவில் சசிதரன் வாசித்ததையும், ரகுமானுக்குக் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் கேட்டு வளர்ந்த பையனுக்கு நல்ல பேஸ் ஒன்று கையில் வேண்டும் என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த ஆசையில் தப்பே இல்லை. அந்த ஆசைதான் திருடனுக்கு வழி காட்டுகிறது என்பதுதான் என் கவலை.

விலைக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். புது 4003 அமெரிக்காவிலேயே 2,000 டாலருக்கு மேல். வாங்க ஆள் அதிகம், செய்வது கொஞ்சம், அதனால் பழசுக்கும் விலை பெரிதாக இறங்காது. அதை இங்கே வரவழைத்தால் அனுப்பும் செலவு, சுங்கவரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து 2 லட்சத்தைத் தாண்டிவிடும். அவ்வளவு பெறுமானமுள்ள பொருளை, நாலு விளம்பரம் போட்டால் நல்ல விலைக்கு விற்கக்கூடிய பொருளை, முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்கு மட்டும் 45,000க்குத் தருகிறார் என்றால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். பொருள் போலி. அல்லது பொருள் திருட்டு. அல்லது பொருளே கிடையாது.

போலியைப் பற்றி இன்னும் சொல்கிறேன், ஏனென்றால் நாலு திருகாணிப் போலி கண்டுபிடிக்கச் சுலபமானது. நெக் உள்ளே ஓடுகிற மாதிரியே செய்த போலிகளும் சுற்றுகின்றன. ஒரிஜினலில் சீரியல் நம்பர் பக்கவாட்டில், ஒயரைச் செருகுகிற ஜாக் இருக்கும் தகட்டிலேயே பொறித்திருக்கும். ஸ்டிக்கராக ஒட்டியிருந்தாலோ, தலையின் பின்பக்கம் அச்சடித்திருந்தாலோ சந்தேகப்படுங்கள். தலைப்பக்கம் கம்பெனிப் பெயர் போட்ட தகட்டைக் கழற்றினால், நெக்குக்குள் ஓடுகிற ட்ரஸ் ராடு என்ற கம்பிகளின் முனைகள் வழக்கமாக இரண்டு தெரியும். போலிகளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், அதுவும் எல் சாவி போடுகிற துளையாக இருக்கும். தந்தியின் நீளக் கணக்கும் உதவும். தந்தி தொடங்குகிற நட்டிலிருந்து முடிகிற பிரிட்ஜ் வரை ஃபெண்டரில் 34 அங்குலம், ரிக்கன்பேக்கரில் 33¼ அங்குலம். டேப்பை எடுத்து அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். பொருள் கையில் இருக்கிறவனுக்கு இது இரண்டு நிமிட வேலை. நெட்டிலிருந்து படம் எடுத்துப் போட்டவனால் முடியாது.

இதையும் தாண்டி ஒன்று கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதி, கிட்டார் தந்திக்கு நடுவே செருகி, சீரியல் நம்பரும் சேர்ந்து தெரிகிற மாதிரி வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். கேமரா சரியில்லை, நெட் இல்லை, மனைவி வெளியூரில் இருக்கிறாள், வாத்தியம் மாமியார் வீட்டில் இருக்கிறது என்று எந்தக் காரணம் வந்தாலும் நீங்கள் பையை மூடிவிடலாம்.

ரிக்கன்பேக்கரைவிட ஃபெண்டர் பெயரில் நடக்கிற ஏமாற்று இன்னும் அதிகம், அது இன்னும் நுணுக்கமானது. ஸ்குவையர் என்பது ஃபெண்டர் கம்பெனியே 1982இலிருந்து விற்கிற குறைந்த விலை வரிசை. நல்ல வாத்தியம்தான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதன் தலையில் இருக்கிற பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஃபெண்டர் என்று தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டெக்கால் ஒன்றை ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் ஒரே நாளில் விலை மூன்று மடங்கு ஏறிவிடும். 2010க்குப் பிறகு வந்த அமெரிக்க ஃபெண்டர்களின் சீரியல் நம்பர் பெரும்பாலும் யூஎஸ் என்ற எழுத்துகளில் தொடங்கும், மெக்சிகோவில் செய்தவை எம்எக்ஸ் என்று தொடங்கும். இந்தோனேஷியாவில் செய்த ஸ்குவையர்களில் ஐசிஎஸ் என்று பார்த்திருக்கிறேன். எழுத்து ஒன்று சொல்லி, விற்கிறவர் வேறு சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். நெக்கைத் திருகி மாட்டுகிற ஃபெண்டரில் இன்னொரு வசதி உண்டு, நெக்கைக் கழற்றிப் பார்க்கலாம். உள்ளே மரத்தில் பெரும்பாலும் முத்திரையோ தேதியோ இருக்கும்.

1960கள், 70களின் ஃபெண்டர் என்று சொல்லி யாராவது வந்தால் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற பாட் என்ற பாகத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் உலோக ஓட்டில் சின்னதாக எண் பொறித்திருக்கும். முதல் மூன்று எண் செய்த கம்பெனி, 137 என்றால் சிடிஎஸ். அதற்குப் பிறகு வருடமும், எத்தனையாவது வாரம் என்பதும் வரும். 1376633 என்று இருந்தால் சிடிஎஸ் கம்பெனி, 1966ஆம் வருடம், 33ஆவது வாரம். பாட்டை இடையில் மாற்றியிருக்கலாம் என்பதால் இது மட்டுமே முடிந்த முடிவாகாது. ஆனால் 1962 என்று சொல்லப்பட்ட கிட்டாருக்குள் 1990களின் பாட் இருந்தால், சொன்னவர் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

அடுத்து திருட்டு. கிட்டாரைத் திருடினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைக்கிறீர்களா? மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸ், 1972 அக்டோபரில் லண்டன் நாட்டிங்ஹில்லில் ஒரு வேனுக்குள்ளிருந்து களவு போனது. ஐம்பது வருடத்துக்கு மேல் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. கடைசியில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, 2024 பிப்ரவரியில் அவரிடம் திரும்ப வந்த செய்தி வெளியானது. பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் வாசித்த 1962 ஜாஸ் பேஸ் 1986இல் நியூயார்க்கில் தொலைந்து, இருபது வருடம் கழித்து அதே ஊர்க் கடையில் தலைகாட்டியது. பேஸ் வாசிக்கிறவர்கள் தங்கள் வாத்தியத்தின் சீரியல் நம்பரை, கீறலை, கறையை மறக்க மாட்டார்கள். மதுரையில் ஒரு குழுவின் வேனிலிருந்து போன கிட்டாரை நீங்கள் வாங்கி, ராஜபாளையம் மேடையில் வாசித்தால், அதன் சொந்தக்காரருக்கு ஒரு வாரத்தில் வீடியோ போய்ச் சேரும். தெரிந்தே திருட்டுப் பொருளை வாங்கியவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 317ஆவது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் அதே கதிதான். சந்தை விலையில் கால்வாசிக்குக் கொடுத்தானே, உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று ஸ்டேஷனில் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? உண்மையிலேயே தெரியாமல் வாங்கியிருந்தாலும் கிட்டார் வழக்குச் சொத்தாகப் போய்விடும், கொடுத்த பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். அதனால் பழைய பில், அல்லது அவர் அந்தக் கிட்டாரை மேடையில் வாசித்த பழைய படம், இரண்டில் ஒன்றாவது கேளுங்கள். ஆதார் நகல் வாங்கி, சீரியல் நம்பரோடு ஒரு தாளில் இன்னாருக்கு இன்ன விலைக்கு விற்றேன் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பொருளே இல்லாமல் பணம் பறிக்கிற கூட்டத்துக்கு இதெல்லாம் தேவையில்லை, அவர்களுக்குப் பேச்சு ஒன்றே போதும். ராணுவத்தில் இருக்கிறேன், காஷ்மீருக்கு மாற்றலாகிப் போகிறேன், அதனால் விற்கிறேன் என்பார்கள். சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவார்கள். அந்த அட்டை உண்மையான ஒரு வீரருடையதாகக்கூட இருக்கும், எங்கோ திருடியிருப்பார்கள். எங்கள் மாவட்டத்தில் ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, அந்தச் சீருடை மேல் நமக்கு இருக்கிற மரியாதையை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. பார்சல் ராணுவ கூரியரில் ஏற்றிவிட்டோம், இன்சூரன்ஸுக்கு 3,000 கட்டுங்கள், அந்தத் தொகை திரும்பி வந்துவிடும் என்பார்கள். பிறகு கேட் பாஸ், பிறகு ஜிஎஸ்டி. ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு தொகை.

நீங்கள் உங்கள் பழைய கிட்டாரை விற்கப் போட்டாலும் இதே கூட்டம் வரும். நான் பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்கள் என்பான். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகும். இதை வீட்டில் செல்போன் வைத்திருக்கிற எல்லாருக்கும், முக்கியமாகத் தறியில் உட்கார்ந்தபடி அவசரமாகப் போனை எடுக்கிற பெரியவர்களுக்கு, இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கிறேன் என்கிறவர்களுக்கு வேறொரு வலை. பார்சல் சென்னை ஏர்போர்ட்டில் நிற்கிறது, நான் கஸ்டம்ஸிலிருந்து பேசுகிறேன், இந்த நம்பருக்கு வரியை அனுப்புங்கள், இல்லாவிட்டால் வழக்கு என்று போன் வரும். சுங்கவரி என்பது தபால் நிலையமோ கூரியர் கம்பெனியோ ரசீதோடு வாங்குவது. எந்த அதிகாரியும் தன் சொந்த யுபிஐக்குப் போடச் சொல்ல மாட்டார். சுங்கத்துறையிலிருந்து வருகிற கடிதத்தில் டின் என்ற அடையாள எண் இருக்கும், அதைத் துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கிட்டார்களின் ஃப்ரெட் பலகை பெரும்பாலும் ரோஸ்வுட். நம் மலையில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்கிற மரமும் அதே டால்பெர்ஜியா இனம்தான். 2017 ஜனவரி 2இலிருந்து அந்த இனம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019 நவம்பர் 26இலிருந்து செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. அது 1992இலிருந்து மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்து ஃபெண்டர்களில் பிரேசில் ரோஸ்வுட் சாதாரணமாக இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை அனுமதித் தாள் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முயன்றால் பொருளே பறிமுதலாகிவிடும்.

சரி, ஆள் உண்மையானவர், பொருளும் உண்மை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வீடியோவைக் கேட்டு மயங்கி வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நன்றாக வாசிக்கிற பிள்ளைகளே இதில் ஏமாறுகிறார்கள். பேஸின் தடித்த இ தந்தி ஒரு வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. ஐந்து தந்தி பேஸின் பி தந்தி சுமார் 31 தடவை. செல்போனில் இருக்கிற சுண்டைக்காய் ஸ்பீக்கரால் அந்த அடிநாதத்தை எழுப்பவே முடியாது. அதற்கு மேலே பிறக்கிற மேல்நாதங்கள்தான் வெளியே வருகின்றன, விடுபட்ட அடியை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. அதாவது வீடியோவில் நீங்கள் கேட்கிற கனம் அந்தக் கிட்டாருடையது இல்லை, உங்கள் தலைக்குள் இருப்பது. எலெக்ட்ரிக் வாத்தியத்தின் உண்மையான குணம் ஒன்றும் அதில் தெரியாது. செத்துப்போன பிக்கப்கூட நல்ல எடிட்டிங்கில் கம்பீரமாக ஒலிக்கும்.

ஆகவே நேரில் போங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. அந்த டிக்கெட் காசு, தொலையப் போகிற டோக்கன் காசைவிட எத்தனையோ குறைவு. நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஆம்ப் வைத்து வாசித்துப் பார்க்க வசதி உள்ள இடத்தில் சந்தியுங்கள்.

கையில் வாங்கியதும் வாசிக்கத் தொடங்கிவிடாதீர்கள், முதலில் பாருங்கள். உடம்புப் பக்கத்தை முகத்துக்கு நேராக வைத்து, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி ஒற்றைக் கண்ணால் நெக் நெடுகப் பார்த்தால் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். முறுக்கிய நெக்கைச் சரிசெய்வது பெரும்பாடு. நாலு தந்தியும் சேர்ந்து அந்த நெக்கைச் சுமார் 75, 80 கிலோ விசையில் இரவு பகலாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பதுதான் ட்ரஸ் ராடு. இ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேருகிற ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு சந்து இருந்தால் நல்லது. விரலே நுழைந்தாலும், சந்தே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ராடைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திருப்ப முடியாதபடி இறுகிக் கிடக்கிற ராடு என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிறகு ஒவ்வொரு தந்தியாக, ஒவ்வொரு ஃப்ரெட்டாக, மெதுவாக அழுத்தி வாசியுங்கள். எங்கே ‘ஙர்ர்’ என்று அடிக்கிறது, எங்கே சுரம் சட்டென்று செத்துவிடுகிறது என்று கேளுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தொட்டு எழுப்புகிற நாதமும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கிற சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். குமிழ்களைத் திருப்பும்போது கரகர சத்தம் வந்தால் சுத்தம் செய்தால் போய்விடும், அதற்காக ஒதுக்க வேண்டாம்.

பழைய 4001 ரிக்கன்பேக்கர் கிடைத்தால் இன்னும் கவனம். 1980களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில் ராடின் அமைப்பே வேறு. நெக்கை முதலில் கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். விவரம் தெரியாமல் சாதாரண கிட்டார் போல ஸ்பானர் போட்டுத் திருகினால் ஃப்ரெட் பலகையே பெயர்ந்துகொண்டு வரும். எல்லாக் கிட்டாரையும் பழுது பார்க்கிற நல்ல கைக்காரரே இதில் தவறிவிடக்கூடும். அந்த மாடலின் பிரிட்ஜின் வால் பகுதி தந்தி இழுத்து மேலே தூக்கிக்கொள்வதும் உண்டு, அதைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். அதற்கு உதிரி பாகம் தேடினால் மதுரையில் கிடைப்பதே அபூர்வம். சீசன் நடுவில் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

எங்கள் பிள்ளைகளிடம் நான் வெளிப்படையாகச் சொல்வது இதுதான்: ஒரிஜினலே நியாயமான விலைக்குக் கிடைத்தாலும், கடன் வாங்கி ரிக்கன்பேக்கர் வாங்க இது நேரம் இல்லை. மேடையில் பேஸ் ஒலிப்பது கிட்டாரால் பாதி, ஆம்ப்பாலும் ஸ்பீக்கராலும் பாதி. கோயில் கொட்டகைகளில் பல இடத்தில் பேஸுக்குத் தனி ஆம்ப் கிடையாது, நேராக மிக்ஸரில் செருகிவிடுவார்கள். 2 லட்ச ரூபாய் வாத்தியமும் 20,000 ரூபாய் வாத்தியமும் அங்கே ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கேட்கும். ஸ்குவையரிலோ யமஹாவிலோ ஐபனேஸிலோ பில்லோடு, வாரண்டியோடு ஒன்றை வாங்கி, நன்றாக செட்டப் செய்து, நல்ல தந்தி போட்டு, மிச்சக் காசில் ஒரு கௌரவமான ஆம்ப் வாங்கினால் உங்கள் வாசிப்பு மூன்று ஊருக்குக் கேட்கும். சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் 1842இலிருந்து இருக்கிறது. அது போன்ற பழைய கடைகளில் நாலு வாத்தியத்தைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு, உங்கள் கைக்கு எது ஒத்துவருகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அதோடு இன்னொன்று, இது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். ஜெனரேட்டர் ஓடுகிற மேடையில் எர்த்திங் சரியில்லை என்றால், ஒரு கையில் தந்தியைப் பிடித்துக்கொண்டு மைக்கைத் தொடும்போது உதட்டில் ஷாக் அடிக்கும். சுளீர் என்று லேசாக அடித்தால்கூட, அப்படியே வாசிக்காதீர்கள். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்காதீர்கள். ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பாட்டு. புது வாத்தியத்துக்குச் செலவழிக்கிற குழுக்காரர்கள் முதலில் இதற்குச் செலவழியுங்கள்.

இதைப் படிக்கும்போதே யாராவது பணத்தை அனுப்பிவிட்டு விழித்துக்கொண்டிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உட்காராதீர்கள். வீட்டில் திட்டுவார்களே என்று இரண்டு நாள் மறைத்து வைத்தால் பணம் நாலைந்து கணக்கு மாறிப் போய்விடும். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கிலேயே பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. பரிவர்த்தனை நம்பர், அனுப்பிய நேரம், அவனுடைய யுபிஐ ஐடி, போன் நம்பர் எல்லாம் கையில் இருக்கட்டும். பேசிய செய்திகளை அழிக்காதீர்கள், அவன் அழித்துவிடுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். உங்கள் பேங்குக்கும் அன்றைக்கே எழுத்தில் சொல்லி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு விருதுநகர் மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் நேரில் மனு கொடுங்கள்.

ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், 2,000 ரூபாய் கட்டணம் கட்டுங்கள் என்று அடுத்த வாரம் ஒரு வக்கீலோ அதிகாரியோ போல யாராவது பேசினால், அது பெரும்பாலும் அதே கூட்டம்தான். புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.